கரையில் வைக்காத வாசல்

கடைக்குப் போனால் துணிப்பை கொண்டுபோகிறவன் நான். தக்காளிக்காரன் பிளாஸ்டிக் பையை நீட்டினால் வாங்காமல் திரும்பி வருகிற ஆள் இந்தத் தலைநகரம் அம்மானில் அநேகமாக நான் ஒருத்தன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைகள் என்னைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கு இந்த விசாரணைக்குக்கூட நான் சொந்தக் காரில் வரவில்லை. நாலு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு ஷேர் டாக்ஸியில் வந்தேன். வாசலில் உங்கள் காவலர் என் சட்டைக் கசங்கலைப் பார்த்துச் சிரித்தார், பரவாயில்லை.

என் பெயர் முன்திர். பெயருக்கு முன்னால் டாக்டர் உண்டு, ஆனால் இதுவரை யாருக்கும் ஊசி போட்டதில்லை. சுற்றுச்சூழல் ஆலோசகன். ஒரு கம்பெனி பாலைவனத்தில் எதையாவது கட்ட நினைத்தால் வெளிநாட்டு வங்கி ஒன்று கடன் கொடுக்கும். கொடுப்பதற்கு முன்னால் அந்த வங்கிக்கு ஒரு நிம்மதி தேவைப்படும். காற்றுக்கும் தண்ணீருக்கும் ஆட்டுக்கும் ஓணானுக்கும், கடைசியாக மனிதர்களுக்கும், இந்தத் திட்டத்தால் ஒரு கெடுதலும் வராது என்கிற நிம்மதி. அதைத் தயாரித்து, நல்ல அட்டை போட்டுக் கொடுப்பது என் தொழில். இருபது வருடமாகச் செய்கிறேன். கெட்ட பெயர் எடுத்ததில்லை.

நல்ல பெயர் எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் நடத்துகிற மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்பே வராது. மற்ற ஆலோசகர்கள் கூட்டம் நடத்தினால் நாற்காலி பறக்கும், மைக்கைப் பிடுங்குவார்கள், ஒரு தடவை ஒரு நண்பரின் மூக்குக் கண்ணாடியை ஆடு மிதித்தது. அவர்கள் எல்லாரும் வெளிநாட்டில் படித்தவர்கள். முதலில் திரையில் படம் காட்டுவார்கள், அப்புறம் கருத்துக் கேட்பார்கள், எல்லாம் முடிந்த பிறகு சோறு போடுவார்கள். நான் தெற்கே கெராக்கில் பிறந்தவன். முதலில் பெரிய கூடாரம் போட்டு, காபி ஊற்றி, தட்டுத் தட்டாக மன்சஃப் வைத்து, ஆட்டுக்கறியும் தயிர்க்குழம்பும் வயிற்றுக்குள் போன பிறகுதான் வாயைத் திறப்பேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் கூடாரத்தில் கை நனைத்துவிட்டு அவருக்கு எதிராகப் பேச யாருக்கும் நாக்கு வராது. 'எதிர்ப்பு: இல்லை' என்று எழுதுவேன். அது பொய்யா? சொல்லுங்கள். கூடாரத்தில் இருந்த எவரும் எதிர்க்கவில்லை.

வாதி தர்ஃபா விஷயத்துக்கு வருகிறேன்.

அது தெற்கே, மலையும் சமவெளியும் சந்திக்கிற இடம். வாதி என்றால் வருடம் முழுக்க ரோடு, ஏதோ ஒரு நாள் மட்டும் ஆறு. அதன் வாயில் ஒன்பது வீடுகள். சிமெண்டுக் கல் அறைகள், பக்கத்திலேயே ஆட்டு ரோமக் கூடாரங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. வீடுகளுக்கு மேற்கே உள்ள தரிசில் ஒரு கம்பெனி சூரிய ஒளி மின்நிலையம் கட்ட வந்தது. அருமையான திட்டம், இப்போதும் சொல்கிறேன். புகை இல்லை, சத்தம் இல்லை, நகரத்தில் பல ஆயிரம் வீடுகளுக்கு விளக்கு.

முதல் தடவை நான் அங்கே போனபோது எங்களுக்குத் தேநீர் கொடுத்தது வத்ஹா. ஹாயில் என்பவரின் இளைய மகள். மூத்த மகன் பெயர் ஜாஸி என்பதால் ஹாயிலை எல்லோரும் அபூ ஜாஸி என்பார்கள், என்னை என் மகன் பெயரால் அபூ லைத் என்பதைப் போல. வத்ஹா பக்கத்து நகரமான மஆனில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வாய்க்காரி.

"டாக்டர், இந்தப் பலகையில வர்ற கரண்டு எங்க வீட்டுக்கும் வருமா?" என்று கேட்டாள்.

"முதல்ல தலைநகரத்துக்குப் போகும்மா. அப்புறம் பங்கிட்டுக் கொடுப்பாங்க."

"அப்போ வெயில் எங்களுது, லைட்டு உங்களுதா? நல்ல பங்குதான் போங்க."

"ஏய், விருந்தாளிகிட்ட பேசற பேச்சா இது?" என்று அபூ ஜாஸி அதட்டினார். ஆனால் அவர் மீசைக்குள் சிரிப்பு இருந்தது. நானும் சிரித்தேன். அவள் கேட்டதை 'மக்கள் மின்சாரத்தில் மிகுந்த ஆர்வம் காட்டினர்' என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

என்னிடம் வேலை பார்த்த லுமா என்கிற பெண்தான் முதலில் பிரச்சினையைக் கொண்டுவந்தாள். வெள்ளக் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரி, சாப்பாட்டு நேரத்திலும் கணக்கை விடமாட்டாள். பலகைகளை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற கம்பெனி வாதிக்குக் குறுக்கே மண்கரை ஒன்று போடத் திட்டமிட்டிருந்தது. லுமா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"டாக்டர், கரை இப்படியே வந்தா பலகைங்க மேல ஒரு சொட்டு படாது. ஆனா அவ்வளவு தண்ணியும் திரும்பி நேரா அந்த ஒம்போது வீட்டு மேலதான் வரும்."

"எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?"

"அது யாருக்குத் தெரியும்? இந்த வருஷமே வரலாம்."

"சராசரி மழை எவ்வளவு?"

"சராசரியில என்ன டாக்டர் இருக்கு? அங்க சராசரியா மழை பெஞ்சு நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

கேள்வி நியாயமானதுதான். இருந்தாலும் சராசரி மழையை வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். சராசரி மழையில் இதுவரை உலகத்தில் யாரும் மூழ்கியதில்லை. அந்தக் கணக்குப்படி வாதி தர்ஃபாவில் கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் வந்தது. லுமா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு கூட்டம். வங்கியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நல்லவர், சைவம், கூடாரத்துக்குள் வந்ததும் கம்பளத்தின் பூவேலையைப் படம் எடுத்துக்கொண்டார். காபி சுற்றி வந்தது. எல்லோரும் குடித்தார்கள். அபூ ஜாஸி மட்டும் கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல், முன்னால் தரையில் வைத்துவிட்டார்.

நீங்கள் வடக்கே இர்பித்காரர், தெற்கத்தி வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் பதிவுக்காகச் சொல்கிறேன். விருந்தாளிக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைப்பார். வீட்டுக்காரன் 'குடியுங்கள், கேட்டது நடந்தது' என்று சொல்லுகிறவரை அது ஆறிப்போய் அங்கேயே கிடக்கும். சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதற்குமேல் கையெழுத்துக் கேட்பதோ, எப்போது நடக்கும் என்று குடைவதோ, வீட்டுக்காரனின் முகத்தில் துப்புவதற்குச் சமம். அந்தக் கூடாரத்துக்கு வாடகை கொடுத்தவன் நான். அதனால் வீட்டுக்காரனும் நான்தான்.

"என்ன அபூ ஜாஸி, காபி கசக்குதா?"

"காபி நல்லாத்தான் இருக்கும் அபூ லைத். எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

"சொல்லுங்க."

"கரையில ஒரு வாசல் விடுங்க, வடக்கு மூலையில. தண்ணி வந்தா காலி நிலத்துப் பக்கம் போயிடட்டும். ரெண்டு வரிசைப் பலகை குறையும், அவ்வளவுதானே?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்க. சத்தியமா கோவிச்சுக்க மாட்டேன். என் மச்சினனுக்கு மேட்டுல நிலம் கெடக்கு. மழைக்கு முன்னாடி ஒம்போது வீடும் மூட்டை கட்டிட்டு அங்க போயிடறோம். புள்ளகுட்டிக்காரங்க, வேற என்ன செய்யறது?"

நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "குடிங்க அபூ ஜாஸி. நீங்க கேட்டது நடந்துச்சு" என்றேன்.

அவர் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாக அதை ஆட்டிக் கொடுத்தார். பக்கத்திலிருந்தவர்கள் என்னை வாழ்த்தினார்கள். ஒரு கிழவர் எழுந்துவந்து என் தோளில் முத்தமிட்டார். பிறகு தட்டுகள் வந்தன, அபூ ஜாஸி தன் கையாலேயே நல்ல கறித்துண்டாகப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். வங்கி அம்மா என் காதருகே குனிந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். காபிக்கு நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அந்த அம்மாவின் கண் கலங்கியதை நானே பார்த்தேன்.

திரும்பும் வழியில் லுமாவுக்குக் கொண்டாட்டம்.

"டாக்டர், உங்களைத் தப்பா நினைச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நாளைக்கே வரைபடத்தை மாத்தச் சொல்லிடலாமா?"

"எதை மாத்தறது? மாத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஆய்வு செய்யணும். வங்கியோட தேதி தாண்டிப் போகும்."

அவள் விடவில்லை. "சரி, அப்போ அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடுவோம். மேட்டுக்குப் போறேன்னு அவரே சொல்றாரே. போகட்டும்."

சின்னப் பெண், தொழில் தெரியாது. பொறுமையாக விளக்கினேன். திட்டத்தால் ஒரே ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தாலும் வங்கியின் கண்ணில் அது இடப்பெயர்வு. அதற்குத் தனியாக மறுவாழ்வுத் திட்டம் வேண்டும், நஷ்டஈடு வேண்டும், வெளிநாட்டிலிருந்து நிபுணர் வந்து அழுதுவிட்டுப் போகவேண்டும். ஒரு வருடம் போய்விடும். ஒன்பது வீடு என்றால் கடனையே மறந்துவிட வேண்டியதுதான். அவர்கள் இருக்கிற இடத்தில் இருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

"தண்ணி வந்தா?" என்று கேட்டாள்.

"வந்தா பார்த்துக்கலாம்."

அடுத்த மாதம் அவளை மொராக்கோவுக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தேன். சமூகத்தின் குரலைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்பது பயிற்சியின் தலைப்பு. நல்ல பயிற்சி, நான் இரண்டு தடவை பாடம் எடுத்திருக்கிறேன்.

வாசல் வைப்பது பற்றிக் கம்பெனியிடம் நான் கேட்டேனா என்று போன அமர்வில் கேட்டீர்கள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்போம் என்று கம்பெனி நிர்வாகி இப்போது உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கலாம். கேட்டால் கூட்டம் போடவேண்டும், கூட்டம் என்றால் ஏன் என்று எவனாவது கேட்பான். மூடிக் கிடக்கிற பெட்டியை எதற்குத் திறப்பது?

வசந்தத்தில் கடன் பத்திரம் கையெழுத்தானது. கோடையில் கரை எழுந்தது. அபூ ஜாஸி தினமும் போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் போலிருக்கிறது. ஒரு நாள் போன் செய்தார். முதலில் என் உடம்பு, என் மகன் உடம்பு, என் மனைவியின் முட்டிவலி எல்லாவற்றையும் விசாரித்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அபூ லைத். கரையில வாசலைக் காணோமேன்னு பொம்பளைங்க கேக்கறாங்க. நான் கேக்கலை, அவங்கதான்."

கரையே முடிந்துவிட்டது, இனி வாசல் வராது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒன்பது வீட்டுச் சாமானும் இரண்டு லாரிக்குக்கூடக் காணாது. ஆனால் வங்கியின் ஆட்கள் அந்த மாதம்தான் பார்வையிட வருவதாக இருந்தார்கள். காலியான வீடுகளைக் காட்டி என்ன சொல்வது?

"வீடு கட்டும்போது கதவை எப்போ மாட்டுவாங்க அபூ ஜாஸி? கடைசியிலதானே?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதானே. நான் அப்பவே சொன்னேன், இதுங்க கேட்டாத்தானே. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசைத் தரட்டும்" என்று வாழ்த்திவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. ஒரு தடவை கேட்டதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

வங்கியின் ஆட்கள் வந்தார்கள், ஒன்பது வீட்டிலும் தேநீர் குடித்தார்கள், போனார்கள். துபாயில் ஒரு விழாவில் அந்தத் திட்டத்துக்கு மக்களோடு இணங்கிப்போன சிறந்த திட்டம் என்று விருது கொடுத்தார்கள். மேடையில் நான்தான் வாங்கினேன். மறுசுழற்சி செய்த கண்ணாடியில் செய்த கேடயம், ரொம்ப கனம்.

இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல். வாதி தர்ஃபாவுக்கு மேலே வானம் வெளுப்பாகத்தான் இருந்திருக்கிறது. மழை பெய்தது தூரத்து மலைகளில். ஆண்கள் பலபேர் ஆடு விற்க மஆன் சந்தைக்குப் போயிருந்தார்கள், அபூ ஜாஸியும். மலைப் பக்கம் கறுத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவது அவர்கள் வழக்கம். அவர் மனைவி அன்றைக்கும் போன் செய்து ஏறட்டுமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவர் என்ன பதில் சொன்னார் என்பதை உங்கள் முன்னால் அவரே சொல்லியிருக்கிறார். நீங்கள் எழுதிக்கொண்டதைப் படித்துக்காட்டினீர்கள். "எதுக்கு வீணா அலையறே, இந்தத் தடவை தண்ணி அந்தப் பக்கம் போயிடும், டாக்டர் வார்த்தை குடுத்திருக்கார்."

ஏழு பேர். அவர் மனைவி, வத்ஹா, அவர் தம்பி வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், பக்கத்து வீட்டு இரண்டு கிழவர்கள். வத்ஹா தப்பித்திருக்கலாம் என்றார்கள், ஒரு பிள்ளையை மேட்டில் விட்டுவிட்டு இன்னொன்றைத் தூக்கத் திரும்பி வந்தாளாம். லுமாவின் கணக்கு ஒரு முழம்கூடத் தப்பவில்லை. கம்பெனி அன்று மாலையே அறிக்கை விட்டது, ஒரு பலகைக்கும் சேதமில்லை என்று. அதுவும் உண்மைதான்.

துக்கம் விசாரிக்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அது மரியாதையாகாது. அபூ ஜாஸி எழுந்து நின்று கைகொடுத்தார், எனக்கு இடம் காட்டினார், தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தாடியில் இன்னும் சேறு ஒட்டியிருந்தது போல எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார். அபூ லைத் என்று கூப்பிடவில்லை.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னிக்கே முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க கெளம்பிப் போயிருப்போமே. ஏன் சொல்லலை?"

"எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம், அபூ ஜாஸி. நம்ம கையில என்ன இருக்கு?"

"அல்லாஹ்வை இதுல இழுக்காதீங்க. எனக்கு வார்த்தை குடுத்தது அவன் இல்லை."

சண்டை போடுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்துப் போனேன். ஒன்றும் செய்யவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நீங்களும் மூன்று அமர்வாக அதையேதான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். உங்களுக்கும் வயதாகிறது, எனக்கும் திரும்பிப்போக ஷேர் டாக்ஸி கிடைக்கவேண்டும். எழுதிக்கொள்ளுங்கள். கரையில் வாசல் வைக்கும் எண்ணம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. தண்ணீர் வந்தால் அந்த வீடுகள்மேல்தான் வரும் என்று எனக்குத் தெரியும். முடியாது என்றால் அவர்கள் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவார்கள் என்பதும் தெரியும், அவரே சொன்னார். அவர்கள் கிளம்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான் சரி என்றேன். போனில் கேட்டபோது கதவைப் பற்றிச் சொன்னதும் அதற்காகத்தான். கரை தண்ணீரைத் திருப்பியது, அந்த ஏழு பேரைத் தண்ணீரின் வழியில் உட்காரவைத்தது நான். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை, லுமாவைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதினால் என்னைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொள்வீர்கள். ஒரு பெரிய மனிதர் அவ்வளவு பேர் முன்னால் வாய்விட்டுக் கேட்கும்போது, முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் கொஞ்சம் இளகிய மனசுக்காரன்.